சாய்ந்து நிற்கும் தமிழெழுத்து

உரோமன் எழுத்தில் 1501ஆம் ஆண்டு, வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனூசியஸ் சாய்வெழுத்தால் ஒரு நூல் முழுவதையும் அச்சிட்ட காலந்தொட்டு, இட்டாலிக் என்னும் தனி வடிவம் வளர்ந்து, சொல்லை அழுத்திக் காட்டவும் நூற்பெயரைச் சுட்டவும் பயன்படலாயிற்று. தமிழ் அச்சு அவ்வேலைக்குத் தடித்த எழுத்தையும் மேற்கோள் குறியையுமே பெரிதும் நம்பி வந்தது. எனினும் கையெழுத்தில் சாய்வு இயல்பானது. சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர் கடைத்தெருக்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்களின் தூரிகைக்கும் அது பழக்கமானதே.

அந்த இயல்பைக் கணினிக்குக் கொண்டுவந்த எழுத்துருக்களுள் ஒன்று, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர். தமிழும் உரோமனும் ஒருசேர அமைந்த இவ்வெழுத்துரு கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்துடன் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துருக்களைக் கோட்டின் முனை கொண்டும் வகைப்படுத்துவர். முனையில் செரிஃப் எனப்படும் சிறு பாதம் இல்லாத உரோமன் எழுத்தை சான்ஸ் செரிஃப் என்பர். தமிழெழுத்துக்கு அத்தகைய பாதம் இயல்பாகவே இல்லாததால், கோட்டின் தடிமன் ஏறக்குறைய சீராக இருக்கும் தமிழ் வடிவங்களை அவ்வகையில் சேர்ப்பது வழக்கம். முனைகளை வெட்டி நிறுத்தாமல் உருட்டி முடித்தால் அது உருள்முனை எழுத்தாகிறது.

நிமிர்ந்த எழுத்தை மென்பொருள் கொண்டு சாய்த்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. அவ்வாறு சாய்க்கையில் எழுத்தின் உயரம் மாறாமல் மேற்பகுதி மட்டும் வலப்பக்கம் தள்ளப்படுவதால், சீராக இருந்த வளைவு மேல்வலத்திலும் கீழிடத்திலும் தடித்து, மற்ற இரு மூலைகளில் மெலிந்துவிடுகிறது. உரோமனில் நேர்கோடுகள் மிகுதியாதலால் இக்குறை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் சுழியாலேயே பிரித்தறியும் தமிழிலோ, சுழி நசுங்கினால் படிப்பவர் தடுமாறுவார். உருட்டிய முனைகளும் கோணலாகிவிடும். ஆகவே வடிவமைப்பாளர் ஒவ்வொரு சுழியையும் சாய்வுக்கேற்பத் திருத்தி வரைந்து, மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்தின் சாய்வைத் தொடர்ந்து வலப்பக்கம் நகர்த்தி, கொம்பும் துணைக்காலும் அதே கோணத்தில் நிற்குமாறு அமைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சாய்வெழுத்தின் தரம் இந்த உழைப்பில்தான் இருக்கிறது.

அழைப்பிதழ், கவிதைத் தலைப்பு, புத்தக அட்டை, விளம்பர வாசகம் ஆகியவற்றுக்கு இவ்வகை எழுத்து மிகவும் பொருந்தும். அக்ரிலிக் பலகையில் எழுத்தை வெட்டும் இயந்திரத்தின் சுழலும் அலகு உள்மூலைகளைத் தானே உருட்டிவிடுவதால், உருள்முனை எழுத்து கடைப் பலகைக்கும் ஏற்றது. பக்கம் பக்கமாக ஓடும் உரைநடைக்கு இது ஆகாது. சாய்வு தொடர்ந்தால் கண் சலிப்படையும். பாண்டி பஜாருக்கோ அடையாற்றுக்கோ பலகை செய்விப்பவர்கள், நிமிர்ந்த எழுத்தை இழுத்துச் சாய்க்கச் சொல்லாமல், சாய்வாகவே வரையப்பட்ட எழுத்துருவைக் கேட்டு வாங்குவது நல்லது.