வீட்டுக்குள் ஓர் இலக்கணச் சண்டை

எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும், பேச்சில் பிழை பிடிப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் தாத்தா. சில வீடுகளில் தமிழ் படித்த அத்தை. பேரன், "சுவற்றில் பந்து அடித்தேன்" என்று சொல்லி முடிப்பதற்குள், "சுவற்றில் இல்லையடா, சுவரில்!" என்று குரல் வரும். பந்து சன்னலை உடைத்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நேயர்களே, இந்த வழக்கில் தாத்தாவின் பக்கமே நியாயம். ஆறு, வயிறு, கிணறு ஆகிய சொற்கள் 'று' என முடிகின்றன. அவற்றோடு வேற்றுமை உருபு சேரும்போது அந்த றகரம் இரட்டித்து, ஆற்றில், வயிற்றில், கிணற்றில் என்று வரும். சுவர் அப்படியன்று. அது 'ர்' என்னும் மெய்யில் முடிகிறது. இரட்டிப்பதற்கு அங்கே றகரமே இல்லை. தேர் தேரில் ஆவதுபோல, ஊர் ஊரில் ஆவதுபோல, சுவரும் சுவரில்தான். காரணத்தை இப்படி ஒருமுறை சொல்லிவிட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். காரணம் சொல்லாமல் தினமும் அதட்டினால் என்ன ஆகும்? ஜார்ஜ் டவுனில் வளரும் பிள்ளைக்கு வேறு மொழிகள் கைவசம் இருக்கின்றன. தமிழில் பேசித் திட்டு வாங்குவதைவிட, ஆங்கிலத்திலோ மலாயிலோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு அவன் நகர்ந்துவிடுவான். அதன்பின் திருத்துவதற்குத் தாத்தாவிடம் ஒன்றும் மிஞ்சாது.

'அவைகள்', 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பவற்றையும் பிழைக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். அவை என்பதே பன்மை. ஒவ்வொரு என்றால் அடுத்து வருவது ஒருமை.

ஆனால் வேற்றுமொழிச் சொல்லென்று சண்டை பிடித்தால் தீர்ப்பு அத்தனை எளிதன்று. "சௌரஸ்தா பசாருக்குப் போய் வருகிறேன்" என்று மருமகள் சொல்கிறாள். "சந்தை என்று சொல்ல வாய் வராதா?" என்கிறார் மாமனார். பசார், மலாய் வழியே வந்த பாரசீகச் சொல். அதே சொல்தான் சென்னையில் பஜார் என்று உலவுகிறது. சௌரஸ்தாவோ நாற்சந்தியைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். அதை மாமனாரும் கூசாமல் சொல்கிறார். இதற்கிடையில், வாசலில் போகும் மலாய்க்காரர் நம்முடைய கடையைக் 'கெடாய்' என்கிறார், கப்பலைக் 'கபால்' என்கிறார், கட்டிலைக் 'காத்தில்' என்கிறார், பெட்டியைப் 'பெத்தி' என்கிறார். கடன் வாங்கியவர் யார், கொடுத்தவர் யார்?

ஊர்ப் பெயரையே பாருங்களேன். மலாயில் பினாங் என்றால் பாக்கு. தமிழ்ச் சொல் 'ங்' என்னும் மெய்யில் முடிவதில்லை. ஆகவே நம்மவர் ஒரு 'கு' சேர்த்துப் பினாங்கு ஆக்கிக்கொண்டார்கள். கம்போங் இங்கே கம்பம் ஆனதும் அப்படித்தான். வந்த சொல்லைத் தமிழ் நாக்கு தன் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

தமிழகத்து விருந்தினர் காலையில், "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டால் சற்று விழிப்பார். 'டிபன்' சாப்பிடுகிறவர் அவர். பசியாறல் நல்ல தமிழ். அவர் திருத்த வந்தால் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சண்டை, மகளை அப்பா "வாடா கண்ணு" என்று அழைப்பதால் வருவது. பாட்டிக்குப் பொறுக்காது. "பொம்பளைப் பிள்ளையைப் போய் 'டா' போட்டுக் கூப்பிடுவதா?" என்பார். பெண்ணை ஆண்பாலால் அழைப்பது பால் வழு. விதிப்படி பாட்டி சொல்வது சரி. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதற்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார். உவகை, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றின் காரணமாகத் திணையோ பாலோ மாறி வந்தால் ஏற்கலாம் என்பது அவர் முடிவு. இதற்கு வழுவமைதி என்று பெயர். ஆசையாக வளர்த்த பசுவை "அம்மா வந்தாள்" என்று சொல்வது திணை வழுவமைதி. மகனையே அப்படிச் சொன்னால் பால் வழுவமைதி. மகளை "வாடா" என்னும் அப்பா இந்த இரண்டாவது வகையில் தப்பித்துக்கொள்கிறார்.

பாட்டியும் நன்னூலாரிடம் கோபித்துக்கொள்வதற்கில்லை. தாத்தாமேல் ஆத்திரம் வந்து, "அது எங்கே போய்த் தொலைந்தது?" என்று அவர் கேட்பதும் அதே நூற்பாவுக்குள் அடங்குகிறது.