வேகத்தால் ஒளிரும் வான்விளக்கு

ஹட்டன் மலைப்பாதையில் இரவு வேளையில் வளைந்து ஏறும் புகையிரதத்தை மலைநாட்டு மக்கள் யாவரும் அறிவர். பக்கவாட்டில் செல்லுங்கால் அதன் முன்விளக்கு மங்கித் தோன்றும். நம்மை நோக்கித் திரும்பியதும் கண்ணைக் கூசச் செய்யும். வானத்திலும் இத்தகைய விளக்குகள் உள. ஆனால், அவற்றின் ஒளியை ஒருமுகப்படுத்துவது கண்ணாடியன்று, வேகமே ஆகும்.

சில நட்சத்திர மண்டலங்களின் நடுவே, சூரியனிலும் பல கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை உண்டு. அதனருகிலிருந்து, ஒளிவேகத்தை நெருங்கும் தாரைகள் பீறிட்டுப் பாய்கின்றன. தாரை நம் பூமியை நோக்கி அமையுமாயின் அம்மண்டலத்தைப் பிளேசர் என்பர். சுமார் 40 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மார்க்காரியன் 421 அவற்றுள் ஒன்று.

1996 மே மாதத்தில் அதன் காமாக் கதிர்கள் அரை மணி நேரத்துக்குள் பொங்கி அடங்கின. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அரை மணியில் மாறும் பொருள், அந்நேரத்தில் ஒளி செல்லும் தூரத்திலும் பெரியதாக இருத்தல் அரிது. அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு ஒளி நெருங்கி நின்றால், காமாக் கதிர்கள் பிற ஒளித்துகள்களுடன் மோதி, இலத்திரன்களாகவும் பொசித்திரன்களாகவும் மாறி மறைந்திருக்கும். எனினும் அவை நம்மை வந்தடைந்தனவே! காரணம் யாது?

ஓடும் லொறியில் நிற்பவர் நாற்புறமும் கூழாங்கற்களை எறிவதாகக் கொள்வோம். எறியும் வேகத்தினும் லொறியின் வேகம் மிகுந்தால், வீதியில் நிற்போருக்குக் கற்கள் யாவும் முன்னோக்கியே பறக்கும். ஒளிக்கும் ஏறக்குறைய இதுவே நியதி. ஒளிவேகத்தில் 99.5 சதவீத வேகத்துடன் விரையும் பொருளின் ஒளியிற் பெரும்பகுதி, அது செல்லும் திசையிலிருந்து சுமார் 6 பாகைக்குள் குவிந்துவிடும். நேரெதிரே நிற்போருக்கு அதன் பிரகாசம் இலட்சம் மடங்குக்கு மேல் மிகும். பத்து மணி நேர நிகழ்ச்சி அரை மணியாகச் சுருங்கித் தோன்றும். ஆகவே, உண்மையில் இடம் பெரிது, ஒளி குறைவு. காமாக் கதிர்கள் தப்பி வருவதில் தடையில்லை.

இக்கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் நுழைந்ததும் இமைப்பொழுதினும் குறுகிய நீல ஒளி பிறக்கிறது. அதனைப் பிடிக்க உயர்ந்த, இருண்ட மலைகள் வேண்டும். நம் பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீற்றர்; இந்தியாவின் லடாக்கிலுள்ள ஹான்லேயோ சுமார் 4,300 மீற்றர். அங்குள்ள ஹகார் தொலைநோக்கிகள், 2010 பெப்ரவரியில் மார்க்காரியன் 421 மீண்டும் பொங்கியெழுந்ததைப் பதிவு செய்தன. 2024 ஒக்டோபரில் 21 மீற்றர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கியும் அங்கே திறந்துவைக்கப்பட்டது.

வேறு திசை நோக்கிய தாரைகள் இவற்றினும் மிகப் பல. அவை மங்கித் தோன்றுவது வலிமையின்மையால் அன்று. அவற்றின் பாதையில் நாம் நில்லாமையால் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக.