தூணுக்கும் ஒரு கணக்கு உண்டு

மும்பையில் சொந்த வீடு வாங்கிவிட்டோம் என்று ஊருக்குப் பெருமையுடன் செய்தி அனுப்புகிறோம். உண்மையில் நாம் வாங்குவது நான்கு சுவர்களையும் ஒரு பங்கையுமே ஆகும். தூணும் மாடிப்படியும் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் அனைவர்க்கும் பொதுவானவை. அவற்றைப் பேணவே வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், அதாவது நம் வாயில் வழங்கும் 'சொஸைட்டி', ஏற்பட்டிருக்கிறது. 1915-ஆம் ஆண்டில் காம்தேவியில் சாரஸ்வத சமூகத்தார் தொடங்கிய சங்கம் இவ்வகையில் முன்னோடி. இன்றைய சங்கங்கள் 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்துக்கு உட்பட்டவை.

மாதந்தோறும் சங்கம் அனுப்பும் பில்லை நம்மவருள் எத்தனை பேர் வரிவரியாகப் படிக்கின்றனர்? அடியிலுள்ள கூட்டுத்தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. சொத்து வரி அந்தந்த வீட்டுக்கு விதித்தபடி; தண்ணீர்க் கட்டணம் குழாய்களின் எண்ணிக்கைப்படி; காவல், துப்புரவு, லிப்ட் ஆகியவற்றின் செலவு எல்லா வீட்டுக்கும் சமம். லிப்டில் கால் வைக்காத கீழ்த்தளத்தாரும் அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆயினும் நான் சொல்ல வந்தது பில்லில் மிகச் சிறியனவாகத் தோன்றும் இரண்டு வரிகளைப் பற்றியே. ஒன்று சிங்கிங் பண்ட். பிற்காலத்தில் வரக்கூடிய பெரும் பழுதுகளுக்காகச் சேமித்து வைப்பது. மற்றொன்று பழுதுபார்ப்பு நிதி. வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதம் முன்னதற்கும், குறைந்தது 0.75 சதவீதம் பின்னதற்கும் வசூலிக்க வேண்டும் என்பது மாதிரித் துணைவிதி. 'குறைந்தது' என்ற அச்சொல்லைப் பெரும்பாலான சங்கங்கள் 'இதற்கு மேல் கூடாது' என்றே படித்து வந்திருக்கின்றன!

எங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்கிறேன். செம்பூரில் 1984-இல் எழுந்தது, 24 வீடுகள். அக்காலத்தில் ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு 1,20,000 ரூபாய். அதில் 0.25 சதவீதம் ஆண்டுக்கு 300 ரூபாய், மாதத்துக்கு 25. மேஸ்திரியின் கூலியும் சிமெண்டின் விலையும் எங்கோ ஏறிவிட்ட பின்னரும் 2022 வரை அதே 25 ரூபாயே வசூலானது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குக் கணக்கு வரும் என்று கருதி என்னைப் பொக்கிஷதாராக்கினார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் அந்த 25 ரூபாயை ஒழுங்காக வரவு வைத்தேனேயன்றி, அது போதுமா என்று கேட்கவில்லை.

முப்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரையிலானதை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டடப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்கிறது துணைவிதி. முப்பது கடந்தவற்றுக்கு மாநகராட்சியும் உறுதிச் சான்று கேட்கிறது. 2022-இல் வந்த பொறியாளர், வண்டி நிறுத்துமிடத்துத் தூண்களைச் சுத்தியலால் தட்டினார். நல்ல காங்கிரீட் கணீரென்று ஒலிக்குமாம். எங்கள் தூண்களில் மூன்று பொத்தென்று ஒலித்தன. மழை ஈரமும் கடற்காற்றும் உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. பருத்த கம்பி காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலே புதுச் சாந்து பூசினால் விரிசல் மறையுமேயன்றி நோய் தீராது. மொத்தச் செலவு 18 லட்சம் என்று அவர் மதிப்பிட்டார். மொட்டைமாடி ஒழுகலுக்கு முன்னர் செலவழித்தது போக நிதியில் எஞ்சியிருந்தது வட்டியுடன் 4,20,000 ரூபாய். குறைவு 13,80,000, வீட்டுக்கு 57,500.

அவ்வாண்டு மகாசபைக்கு என்றுமில்லாத கூட்டம். 500 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 2022 ஜனவரி முதல் சொத்து வரி நீக்கப்பட்டதால் பில் குறையும் என்று எதிர்பார்த்து வந்தவர்களே பலர். அவர்களிடம் 57,500 என்றால் எப்படியிருக்கும்! நான்காம் தளத்து அன்பர் ஒருவர், "எப்படியும் ஒரு பில்டர் வந்து இடித்துப் புதிதாகக் கட்டித் தரப் போகிறார். இதற்குப் போய் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?" என்றார். பலர் தலையசைத்தனர். மறுநிர்மாணத்துக்கு 51 சதவீத உறுப்பினர் சம்மதம் போதுமென்று 2019-ஆம் ஆண்டு அரசாணை கூறுவது மெய்யே. ஆனால் எங்கள் நிலம் இன்னும் சங்கத்தின் பெயருக்கு மாறவில்லை. எந்த பில்டரும் கேட்டு வரவுமில்லை. வராத பில்டருக்காகத் தூண் காத்திருக்குமா?

அப்பொழுது கீழ்த்தளத்து முதிய அம்மையார் ஒருவர் எழுந்தார். கணவர் விட்டுச் சென்ற குடும்ப ஓய்வூதியமே அவருடைய வருமானம். என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: "தம்பி, முப்பது வருஷமா லிப்டுக்குப் பணம் கட்டுறேன். ஒருநாளும் ஏறினதில்லை. வேண்டாம்னு சொன்னேனா? இப்போ என் வாசல் தூணுக்கு இவங்க கொடுக்க மாட்டாங்களா? எனக்கும் அவ்வளவு பணத்தை ஒரே தடவையில் புரட்ட முடியாது. தவணை போட்டுக் கொடுங்க." நான் அதை இந்தியிலும் மராத்தியிலும் எடுத்துச் சொன்னேன். நான்காம் தளத்து அன்பர் பதில் பேசவில்லை.

இயன்ற 15 பேர் ஒரே தவணையில் செலுத்துவது, மற்ற ஒன்பது பேர் மாதம் 2,500 வீதம் வட்டியின்றி 23 தவணைகளில் செலுத்துவது, தூண்களை முதலிலும் வெளிச்சுவரைப் பின்னரும் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. சிங்கிங் பண்ட் 25-லிருந்து 300 ரூபாயாக உயர்ந்தது. நீங்கிய வரி வீட்டுக்கு மாதம் சுமார் 250 ரூபாயாக இருந்தமையால், இவ்வுயர்வைப் பலர் தாங்கிக்கொண்டனர்.

அந்த ஒன்பது குடும்பங்களுள் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். அவற்றுள் நான்கிலிருந்து அதுவரை ஒருவரேனும் மகாசபைக்கு வந்ததில்லை. திருவிழாக் கமிட்டிக்கு ஓடிவரும் நம்மவர், தம் கூரையைப் பற்றிய கூட்டத்தை மட்டும் பிறருக்கு விட்டுவிடுகின்றனர். பிறகு "பில் ஏன் ஏறிற்று?" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்கின்றனர். ஆண்டுக் கூட்டம் செப்டம்பர் முடிவதற்குள் நடந்தாக வேண்டும். பதினான்கு நாட்களுக்கு முன்னரே அறிவிப்பு வரும். மொழி தெரியாதென்றால் பக்கத்தில் அமர்ந்து சொல்ல ஆள் உண்டு.

தவணைகள் 2023 ஜனவரியில் தொடங்கி 2024 நவம்பரில் முடிய வேண்டியவை. அம்மையார் ஒரு மாதமும் தவறவில்லை. வசதியுள்ள இரண்டு வீட்டார் மட்டும் ஆறேழு மாதம் இழுத்தடித்தனர். 2025-இல் மீண்டும் வந்த பொறியாளர் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டங்கள் வரைந்துவிட்டு இறங்கினார்.