மூளையில் பதியும் கரும்புள்ளிகள்

மூளையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் நலிந்து, துளியளவு ரத்தம் வெளியேறுவதே நுண்ரத்தக் கசிவு. பக்கவாதம்போல் கை, கால் செயலிழப்பதில்லை. பெரும்பாலும் தலைவலிகூட இருக்காது. கசிந்த ரத்தத்தை மூளையின் துப்புரவு செல்கள் விழுங்கிவிடும். அதிலிருந்த இரும்பு மட்டும் ஹீமோசிடரின் என்ற நிறமியாக அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அது காந்தப்புலத்தைக் குலைப்பதால், இரும்பைக் காட்டும் தனிவகை எம்.ஆர்.ஐ. படத்தில் 10 மில்லிமீட்டருக்கு மிகாத கரும்புள்ளியாகத் தெரிகிறது. சி.டி. ஸ்கேனில் இது தென்படாது. அதனால் 1990-களில் அந்த எம்.ஆர்.ஐ. முறை புழக்கத்துக்கு வரும்வரை உயிரோடிருப்பவர்களிடம் இதைக் கண்டறிய வழியே இல்லை.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழமான பகுதிகளில் இருந்தால், பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் வராத உயர் ரத்த அழுத்தமே பெரும்பாலும் காரணம். மூளையின் மேற்புற மடல்களில் மட்டும் இருந்தால், ரத்தக் குழாய்ச் சுவரில் அமிலாய்டு புரதம் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுக்களில் படிவதும் இதே புரதம்தான். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணு வகை உள்ளவர்களிடம் மடல் பகுதிக் கசிவும் கூடுதலாகக் காணப்படுகிறது. ரத்தக் குழாய் நோயையும் மறதிநோயையும் தனித்தனியே பார்க்கும் பழக்கம் இங்கே தடுமாறிவிடுகிறது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், 45 வயதும் அதற்கு மேலும் ஆன 4,800-க்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் புள்ளிகள் இருந்தன. நான்குக்கு மேல் இருந்தவர்களிடம் சிந்தனை வேகமும் நினைவாற்றலும் கூடுதலாகக் குறைந்தன. புள்ளிகள் இருந்தவர்களுக்கு மறதிநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை. ஓரிரு புள்ளிகளோடு தெளிவான நினைவாற்றலுடன் வாழும் முதியவர்கள் ஏராளம். மேலும், மறதிக்குப் புள்ளியே காரணம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. எந்த நோய் ரத்தக் குழாயைக் கசியச் செய்ததோ, அதுவே வெளியில் தெரியாமல் நரம்பு இழைகளுக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைத்திருக்கலாம். கசிந்த இரும்பு தூண்டும் அழற்சிக்கும் பங்கு இருக்கலாம்.

படிந்த இரும்பை அகற்றும் மருந்து இல்லை. புதிய கசிவைத் தடுக்க மருத்துவர்கள் முதலில் கவனிப்பது ரத்த அழுத்தத்தை. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாகவே வந்தது. மறதிநோயில் மட்டும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

புள்ளிகள் தெரிந்ததும் ஆஸ்பிரினையோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளையோ தாமாகவே நிறுத்துவது ஆபத்து. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கவே அவை தரப்படுகின்றன. தொடர்வதா என்பதை மருத்துவரே எடைபோட வேண்டும். அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் போன்ற புதிய அல்சைமர் மருந்துகளில் கணக்கு இன்னும் கடினம். அவையே நுண்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது. நான்குக்கு மேல் புள்ளிகள் இருந்தவர்கள் லெக்கனெமாபின் முக்கியச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை.