காட்டுத் தீயும் கூரை வீடும்



நெருப்பு இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் ஒன்று. அடுப்பில் இருக்கும் வரை அது நமக்குச் சோறாக்கித் தருகிறது. அடுப்பை விட்டு இறங்கிவிட்டாலோ, பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்ததை ஒரு நாழிகைக்குள் சாம்பலாக்கிவிடுகிறது. ஒரு வீட்டில் பற்றிய தீ ஓர் ஊரையே எப்படி அழிக்கிறது? அதைத் தடுப்பதில் நமக்குள்ள பொறுப்பு என்ன? இவ்விரண்டையும் இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மலையூர்களில் நடந்தவை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கேட்லின்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. நிரந்தரமாக வாழ்வோர் ஏறத்தாழ நாலாயிரம் பேரே. மலையடிவாரத்தில் அமைந்த அவ்வூருக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் விடுமுறையைக் கழிக்க வருவார்கள். அவர்கள் தங்குவதற்காகச் சரிவுகளெங்கும் மரவீடுகள் கட்டப்பட்டிருந்தன. 2016 நவம்பர் 23 அன்று அருகிலுள்ள மலை உச்சியில் ஒரு சிறு தீ தோன்றியது. மழையின்றிக் காடு காய்ந்து கிடந்த காலம் அது. ஐந்தாம் நாள், நவம்பர் 28 அன்று, மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. அவற்றாலும் ஆங்காங்கே புதிய தீ மூண்டது. அன்றிரவு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தோ சேதமுற்றோ போயின. 14 உயிர்கள் பலியாயின.

அடுத்த இரண்டாண்டுகளில், 2018 நவம்பர் 8 அன்று, கலிபோர்னியாவின் மலைச்சரிவிலுள்ள பாரடைஸ் என்னும் ஊர் ஒரே நாளில் பெரும்பாலும் அழிந்தது. 85 பேர் மாண்டனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பழுதான உயர் அழுத்த மின்தடம் ஒன்றிலிருந்து கிளம்பிய பொறியே அதற்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த ஊரின் பெயருக்குச் சொர்க்கம் என்பது பொருள்.

நம் தமிழகமும் இதற்கு விலக்கன்று. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றிருந்த இளைஞர்களும் பெண்களும் தீயில் சிக்கிக்கொண்டனர். கோடையின் தொடக்கத்தில் உலர்ந்து நின்ற புற்கள் வழியே தீ பாய்ந்து வந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சமதரையில் எரியும் தீயைவிடச் சரிவில் மேல்நோக்கி ஏறும் தீக்கு வேகம் அதிகம். சுடர் மேலே சாய்ந்து, எரிய வேண்டிய புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுவதே அதற்குக் காரணம். இந்நிகழ்ச்சிக்குப் பிறகே மலை நடைப்பயணத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு 2018ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது.

வீட்டைப் பற்றவைப்பது எது?

காட்டுத் தீ வீடுகளை அழித்தது என்று கேட்டவுடன், பனைமர உயரத்திற்கு ஒரு நெருப்புச் சுவர் ஊருக்குள் புகுந்து எல்லாவற்றையும் விழுங்கியதாகவே நாம் எண்ணுகிறோம். எரிந்த ஊர்களை நேரில் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. வீடு அடித்தளம் வரை சாம்பலாகியிருக்கும். அதனருகே நின்ற மரமோ பசுமை மாறாமல் இருக்கும். காட்டிலிருந்து நெருப்புச் சுவர் வந்திருந்தால் மரம் தப்பியிருக்குமா? அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஜாக் கோஹென் என்னும் ஆய்வாளர் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஏறத்தாழ முப்பது மீட்டர் தள்ளி எரியும் காட்டின் வெப்பத்தால் மட்டும் ஒரு மரவீடு பற்றிக்கொள்வது அரிது என்று அவருடைய சோதனைகள் காட்டின.

அப்படியானால் வீட்டைப் பற்றவைத்தது எது? காற்றில் பறந்து வந்த பொறி! தீக்கு முன்பாகவே பொறிகள் வெகுதூரம் பறந்து செல்கின்றன. கூரையின் இடுக்கில் சேர்ந்த சருகிலும், சுவரோரம் அடுக்கிய விறகிலும், திறந்து கிடக்கும் சாளரத்திலும் அவை விழுகின்றன. கண்ணில் படாமல் கனன்று பின்னர் கொழுந்துவிட்டு எரிகின்றன. ஒரு வீடு எரியத் தொடங்கியதும் அதுவே அடுத்த வீட்டிற்குப் பொறி வீசும் உலையாகிறது. ஆகவே, வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அளவுக்கேனும் எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாமல் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்பது அங்கெல்லாம் முதல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

நம் வயல் நாட்டின் நிலை

'வலங்கைமானில் மலையுமில்லை, காடுமில்லை. இச்செய்தி நமக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நம் தெருக்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கீற்றுக் கூரையும் வைக்கோல் போரும் உள்ள இடத்தில் காடு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்தபின் வைக்கோல் கொல்லையில் போராக எழும்புகிறது. மேட்டூர் அணை வழக்கமாக சனவரி 28 அன்று மூடப்பட்டு சூன் 12 அன்று திறக்கப்படும். அந்த இடைக்காலத்தில் குடமுருட்டியிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் வற்றிவிடுகிறது. வைக்கோல் மிகுந்திருக்கும், கூரை காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் அணைப்பதற்கு நீரும் குறைந்திருக்கிறது. வலங்கைமானோ வெடித் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். நெருப்பின் குணத்தை நமக்கு வெளியார் வந்து சொல்ல வேண்டியதில்லை.

கடந்த காலத்தைத் திரும்பிப் பாருங்கள். 1997 சூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் ஓட இயலவில்லை. 2004 சனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு சூலை 16 அன்று நமக்கு அருகிலுள்ள கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தின் கூரையில் பற்றிய தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைப் பலிகொண்டது.

இந்நான்கிலும் பொதுவாக இருப்பவை இரண்டு. ஒன்று, எளிதில் பற்றும் கூரை. மற்றொன்று, வெளியேற வழியின்மை. இடுங்கிய படிக்கட்டு, அடைத்த கதவு, காலில் பூட்டிய சங்கிலி ஆகியவை மனிதர் தம் கையால் ஏற்படுத்தி வைத்தவை. பொறி விழுவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். பொறி விழும் இடத்தில் என்ன இருக்கிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

அண்ணல் நபியின் அறிவுரை

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் இருந்தவர்களோடு எரிந்துபோயிற்று. அச்செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிடுமாறு பணித்தார்கள். இதனை அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிப்பதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்று எச்சரித்த நபிமொழியும் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. எரிந்த வீட்டிற்காக வருந்துவதோடு அண்ணலார் நின்றுவிடவில்லை. விதி என்று சொல்லிக் கடந்துவிடவும் இல்லை. அடுத்த வீடு எரியாதிருக்க இன்றிரவே செய்ய வேண்டியது எது என்பதைக் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் எலியின் வாயிலுள்ள திரி அளவுக்குச் சிறிய காரணத்தையும் அவர்கள் அலட்சியம் செய்யவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

வைக்கோல் போரையும் விறகு அடுக்கையும் வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கூரை வீட்டில் அடுப்பு இருக்கும் பகுதிக்காவது ஓடோ தகடோ வேயுங்கள். கூரையில் உரசும் மின்கம்பி இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்ந்த கம்பியில் உரசி எரிவது நம் பகுதியில் கேள்விப்படாத செய்தியன்று. காற்று வீசும் நேரத்தில் குப்பையையும் வயல் தாளையும் கொளுத்தாதீர்கள்.

மாடி வீடு கட்டியவர்களும் கவலையற்று இருக்க முடியாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். கசிவின் வாடை வந்தால் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு, சன்னல்களைத் திறந்து, உருளையின் வாயை மூடிவிட்டு, எல்லோரும் வெளியேறி 1906 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். தீ மூண்டால் 101 அல்லது 112.

புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேறுங்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் புகையே. ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருளுங்கள். தீப்புண்ணில் மை, பற்பசை, மாவு எதையும் தடவாதீர்கள். இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்று. கூரை வீட்டில் வாழ்வது யாருடைய விருப்பமுமன்று. அது வறுமையின் அடையாளம். கூரை வீடுகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற 2010இல் ஒரு திட்டமும், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டமும் அரசால் தொடங்கப்பட்டன. படிவம் நிரப்பத் தெரியாமலும், பட்டா இல்லாமலும் விடுபட்டுப்போகும் ஏழைகளுக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறுவது நம் ஜமாஅத்தார் செய்யத்தக்க பெரும் தொண்டாகும். குடும்ப அட்டை, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வேறொரு வீட்டில் வைத்திருக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீடு எரிந்தபின் நிவாரணம் கேட்கவும் அந்தக் காகிதமே தேவைப்படுகிறது.

பள்ளிவாசல் ஹவுளில் எப்போதும் நீர் இருக்கிறது; மோட்டார் இருக்கிறது; ஊர் முழுவதையும் எழுப்பும் ஒலிபெருக்கி இருக்கிறது. அத்தோடு நீண்ட குழாய் ஒன்றையும், பயிற்சி பெற்ற பத்து இளைஞர்களையும் சேர்த்துவிட்டால், தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரை ஒரு தெருவைக் காத்துவிடலாம். எரியும் வீடு எந்தச் சமுதாயத்தாருடையது என்று பொறி கேட்பதில்லை. அண்டை வீட்டாருக்கு உதவ ஓடும் நாமும் கேட்கக் கூடாது.

எனவே சகோதரர்களே, இன்றிரவு உறங்கச் செல்லுமுன் ஒருமுறை எழுந்து அடுப்பையும், எரிவாயு உருளையையும், கொசுவர்த்தியையும் பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டுக் கூரையையும் பாருங்கள். அது பற்றினால் அடுத்தது உங்கள் வீடு. உங்கள் வீடு பற்றினால் அடுத்தது அவருடையது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும், நம்மைச் சூழ்ந்து வாழும் அனைவரின் இல்லங்களையும் தீயின் தீங்கிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.