அன்று வடிக்கக் காசு, இன்று தேக்கக் காசு

அமெரிக்காவின் வட கரோலினாக் கடலோரத்தில் இருக்கிறது ஹைட் கவுன்டி. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே ஐயாயிரம் பேர்கூட இல்லை. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில அடிகளே மேலே. கறுப்பு மண், வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் மக்காச்சோளமும் சோயாவும் செழிக்கும்.

ஒரு காலத்தில் இங்கே பேச்செல்லாம் வடிப்பதைப் பற்றித்தான். மாட்டமஸ்கீட் என்ற பெரும் ஏரியையே ராட்சத பம்புகளால் இறைத்து, ஏரிப் படுகையில் நியூ ஹாலந்து என்று ஓர் ஊரையும் எழுப்பினார்கள். கட்டுப்படியாகவில்லை. 1934-இல் அரசு அதை வாங்கிப் பறவைகளுக்கு விட்டது. வயல்களில் மட்டும் வாய்க்கால் வெட்டுவது நிற்கவில்லை.

1935-இல் மண்வளப் பாதுகாப்புத் துறை பிறந்தது. அதை உருவாக்கிய ஹியூ பென்னட் இதே மாநிலத்துக்காரர். அவர் பிறந்த ஆன்சன் கவுன்டியில்தான் 1937-இல் நாட்டின் முதல் மண்வளப் பாதுகாப்பு வட்டம் அமைந்தது. துறையின் ஆள் வயலுக்கே வருவார், வரப்பில் நடப்பார், நிலத்துக்கு ஒரு திட்டம் வரைந்து தருவார். வடிகால் வெட்டும் செலவில் ஒரு பங்கை அரசே கொடுத்தது. திட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும் விவசாயிக்கு நட்டமில்லை.

1985-இல் காற்று திசை மாறியது. ஈரநிலத்தை வடித்துப் பயிர் வைத்தால் அரசின் பண்ணை உதவிகள் கிடையாது என்றது அந்த ஆண்டின் பண்ணைச் சட்டம். இன்று, புயல் தள்ளும் உப்புநீர் அந்தப் பழைய வாய்க்கால்கள் வழியாகவே வயலுக்குள் ஏறுகிறது. வடிக்கப் பணம் தந்த அரசு, இப்போது வாய்க்காலில் மதகு வைக்கவும் உவர் ஏறிய நிலத்தை ஈரநிலமாக்கவும் பணம் தருகிறது.

அந்தப் பணத்தைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. திட்டங்களின் பெயர்கள் ஈக்விப், சி.எஸ்.பி., சி.ஆர்.பி. என்று எல்லாமே சுருக்கப் பெயர்கள். பண்ணைச் சேவை முகமையில் முதலில் பண்ணை எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் மண்வளத் துறையில் (இன்று அதன் பெயர் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை) விண்ணப்பம் நகராது. மாநில அரசு 1984-இல் தொடங்கிய செலவுப் பங்கீட்டுத் திட்டத்துக்கோ உள்ளூர் மண்வளப் பாதுகாப்பு வட்டத்தை நாட வேண்டும். தேதி தவறினால் அடுத்த சுற்றுதான். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அவசரப்பட்டு மதகு வைத்துவிட்டால், பெரும்பாலும் அந்தச் செலவு கைக்கு வராது. இதை முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டாமா? வயலைத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், "என் நிலத்தில் உப்புப் பூத்திருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். எந்தத் திட்டம் என்பதை அவர் கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவரின் நாற்காலியைக் காலியாக விடுவதை என்னால் சிக்கனம் என்று ஏற்க முடியாது.

கதவு இன்னும் இறுகியிருந்தது, உயில் இல்லாமல் தலைமுறைகளாகக் கைமாறிய நிலங்களுக்கு. தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் நிலம் இப்படிப்பட்டதுதான். உழுகிறவர் கையில் தன் பெயரில் பத்திரம் இல்லை. அதனால் பண்ணை எண்ணும் கிடைக்கவில்லை. வேறு ஆவணங்களைக் காட்டியும் எண் பெறலாம் என்று 2018-ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம் வழிவிட்டது. பத்திரம் இல்லை என்று முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.