"ரெண்டு ஸ்கிரீன் போதுமுங்க"

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறை. நீள மேஜை நெடுக வெட்டிய துணிகள் ஒட்டிக் கிடக்கின்றன. பிரிண்டர் ஸ்கிரீனை வைப்பார், பேஸ்ட்டை ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு, தூக்குவார், அடுத்த துணிக்கு நகர்வார். முதல் நிறத்தை முடித்துவிட்டு இரண்டாவது ஸ்கிரீனை எடுக்க வந்தவரிடம் என் போனை நீட்டினேன். நூறு வருஷத்துக்கு முந்தைய ரஷ்யத் துணி ஒன்றின் படம். ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள், ஊடே கோடுகள்.

"ரெண்டு ஸ்கிரீன் போதுமுங்க" என்றார். "வரைஞ்சவங்க தொழில் தெரிஞ்சவங்க."

வரைந்தவர் வார்வரா ஸ்தெபனோவா. ஓவியர். 1921-ல் மாஸ்கோவில் ஐந்து ஓவியர்கள் ஆளுக்கு ஐந்து படம் வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். அவர்களில் இவரும் ஒருவர், தோழி லியுபோவ் போப்போவா இன்னொருவர். அதோடு சுவரில் மாட்டும் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஜனங்கள் கையில் புழங்கும் பொருளைச் செய்யப் போகிறோம் என்று கிளம்பிய கூட்டம் அது. 1923 வாக்கில் தோழிகள் இருவரும் மாஸ்கோவின் முதலாவது அரசு பருத்தி அச்சு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

ரஷ்யப் புரட்சி நமக்கு எழுத்தின் வழியாக வந்தது. கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழில் தந்தவர் தொ.மு.சி. ரகுநாதன்; நெசவாளர் பட்டினியை 'பஞ்சும் பசியும்' என்று நாவலாக எழுதியவரும் அவரே. அந்தப் புரட்சிக்குள் இத்தனை துணி இருந்தது மட்டும் நம் கண்ணில் அதிகம் படவில்லை. 1917-ல் பெத்ரோகிராதில் ரொட்டி கேட்டு முதலில் தெருவுக்கு வந்தவர்கள் பஞ்சாலைப் பெண்கள். அதற்கும் முன்னால், 1905-ல், ரஷ்ய மான்செஸ்டர் என்று பெயரெடுத்த இவானோவோவில் நெசவாலைத் தொழிலாளர்கள் எழுபது நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தால்கா ஆற்றங்கரையில் கூடிப் பேசி, தங்களுக்கென்று ஒரு சோவியத், அதாவது தொழிலாளர் மன்றம், அமைத்துக்கொண்டார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நின்ற திருப்பூர்க்காரர்களுக்கு, எழுபது நாள் என்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று தெரியும்.

பிறகு உள்நாட்டுப் போர். துருக்கிஸ்தானிலிருந்து வர வேண்டிய பருத்தி நின்றுபோய், இவானோவோ ஆலைகள் ஓயத் தொடங்கின. நூல் விலை ஏறினாலே இங்கே டீக்கடைப் பேச்சு மாறிவிடும்; அங்கே பஞ்சே இல்லை. காகிதத்துக்கும் தட்டுப்பாடு, அச்சகங்களும் நொடித்துக் கிடந்தன. ஆனாலும் சுவரொட்டி நிற்கவில்லை. சரக்கில்லாத கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் 1919 முதல் ரோஸ்தா செய்தி நிறுவனத்தின் படங்கள் தொங்கின. கவிஞர் மயகோவ்ஸ்கி ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்தார், வாசகமும் எழுதினார். அட்டையில் உருவத்தை வெட்டியெடுத்து, நிறத்துக்கு ஒரு அட்டையாக வைத்துப் பூசிப் பூசிப் படி எடுத்தார்கள். வேலம்பாளையத்து மேஜையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். அட்டைக்குப் பதில் வலைத்துணி.

ஆலைக்குப் போன தோழிகள் கைக்கொண்ட கருவி காம்பஸும் அடிக்கோலும். நிறம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். போப்போவாவுக்குத் துணி புதிதல்ல. அப்பா பணக்கார ஜவுளி வியாபாரி. வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்களாக மட்டும் இருக்க இருவருக்கும் மனமில்லை. சாயம் கலக்கும் கூடத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும், எதை அச்சடிப்பது என்ற முடிவிலும் எங்கள் பேச்சு எடுபட வேண்டும் என்று கேட்டார்கள். அது எளிதில் நடக்கவில்லை. ஸ்தெபனோவா வரைந்த சுமார் 150 வடிவங்களில் துணியானவை இரண்டு டஜன் அளவுதான். ஆனால் போப்போவாவின் துணி கடைக்குப் போனது, பெண்கள் வாங்கினார்கள். எந்தக் கண்காட்சியும் தராத சந்தோஷத்தை அது தந்தது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அதை நம்பப் பிடிக்கிறது. 1924 மே மாதம் ஸ்கார்லெட் காய்ச்சலில் அவருடைய சிறு மகன் இறந்தான். அதே காய்ச்சல் சில நாளில் அவரையும் கொண்டுபோனது. வயது 35.

அவருக்குப் பின் வந்தவர்கள் வட்டத்தையும் கோட்டையும் விட்டுவிட்டுப் பிரச்சாரத்தைத் துணியில் ஏற்றினார்கள். அரிவாள், சுத்தியல், விமானம், ஆலைப் புகைபோக்கி, வரிசை வரிசையாக டிராக்டர். திரைச்சீலையில் டிராக்டர் ஓடினால் சரி என்று விடலாம், பாவாடையிலும் ஓடியது. 1933-ல் கட்சியின் 'பிராவ்தா' பத்திரிகையே கேலி செய்து எழுதியது. டிராக்டர்கள் மறைந்து பூக்கள் திரும்பி வந்தன.

அந்த டிராக்டர் துணியின் படத்தையும் காட்டினேன். பேஸ்ட் ஒட்டிய விரல் படாமல் புறங்கையால் போனைத் திருப்பிப் பார்த்தார் பிரிண்டர்.

"போன மாசம் இதேதானுங்க போட்டோம். கொழந்தைங்க டீ-சர்ட்டு, ஜெர்மனி ஆர்டர். மூணு கலரு."

இரண்டாவது ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு மேஜையின் முதல் துணிக்குப் போனார்.